வானொலியில் துப்பறிந்த முதியவர்கள்

துப்பறியும் கதை என்றதும் நம் மனக்கண்முன் எழுகின்ற உருவம் பெரும்பாலும் ஓர் இளைஞனுடையதாகவே இருக்கும். நீண்ட மேலங்கி, சரிந்த தொப்பி, கையிலே கைத்துப்பாக்கி, வாசலிலே விரைந்து செல்லும் மோட்டார் வண்டி என்று திரைப்படங்களும் சஞ்சிகைகளின் அட்டைப்படங்களும் அவனை நமக்கு வரைந்து காட்டிவிட்டன. ஆனால் வானொலி நாடகத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின் வேறொருவர் அங்கே நமக்காகக் காத்திருக்கக் காண்போம். அவருக்கு நரை கூடியிருக்கும். ஓட மாட்டார், மதிலேறிக் குதிக்க மாட்டார். சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, பிறர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, ஈற்றிலே மெல்லிய குரலில் உண்மையைச் சொல்லி முடிப்பார். சில வேளைகளில் அவருக்குத் துணையாக அண்ணனோ தங்கையோ பக்கத்திலே இருப்பதுமுண்டு.

வானொலித் துப்பறியும் நாடகத்துக்கும் முதுமைக்கும் இத்துணை நெருக்கமான உறவு எவ்வாறு உண்டாயிற்று என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும். வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று இது. கொழும்பிலே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், இன்று தனித்து வாழும் நம் முதியவர்களைப் பற்றிய கேள்வியொன்றும் இதனுள்ளே அடங்கியிருக்கிறது.

முதலில் நம் மரபிலிருந்தே தொடங்குவோம். கரிகாற் சோழனைப் பற்றிய கதையொன்றைப் பழமொழி நானூறு குறிப்பிடுகிறது. வழக்கொன்றைத் தீர்த்துக்கொள்ள முதியோர் இருவர் அரசவைக்கு வந்தனர். அரியணையில் இருந்தவனோ மிக இளையவன். இவ்வளவு இளம் பிராயத்தினன் நம் வழக்கின் சிக்கலை எங்ஙனம் அறிவான் என்று அவர்கள் ஐயுற்றனர். அதனை உணர்ந்த சோழன் உள்ளே சென்று, நரைமுடி தரித்து, முதியவன் கோலத்தில் வந்து அமர்ந்து, இரு திறத்தார் சொல்லையும் கேட்டு, முறை வழுவாது தீர்ப்பு வழங்கினான் என்பது கதை. அறிவு நரையில் இல்லை என்பதற்கே இக்கதையைச் சொல்வது வழக்கம். ஆனால் இதனை மறுபக்கமாகவும் பார்க்கலாம். உண்மையை ஆராய்ந்து சொல்பவன் முதியவனாக இருக்கவேண்டும் என்று மக்கள் மனம் எதிர்பார்த்தது. அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற அரசனே வேடம் புனைய நேர்ந்தது. முதியவன் நெடுநாள் வாழ்ந்தவன். பல பொய்களைக் கேட்டுப் பழகியவன். அவன் செவி எளிதில் ஏமாறாது என்பது மக்களின் நம்பிக்கை.

மேனாட்டிலும் இதே நம்பிக்கை வானொலி தோன்றுவதற்கு முன்னரே கதைகளில் உருவெடுத்தது. 1901ஆம் ஆண்டளவில் பரோனஸ் ஓர்க்சி என்ற எழுத்தாளர் 'மூலையிலிருந்த முதியவர்' என்றொரு பாத்திரத்தைப் படைத்தார். இலண்டனிலே ஒரு தேநீர்ச்சாலையின் மூலையில் இவர் அமர்ந்திருப்பார். கையிலே ஒரு துண்டுக் கயிறு. அதிலே முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தபடியே, பொலிசார் விளங்காது கைவிட்ட குற்றங்களின் மர்மத்தை எதிரே அமர்ந்திருக்கும் ஒரு பெண் பத்திரிகையாளருக்கு எடுத்து விளக்குவார். அவருக்குப் பின்னர், 1927ஆம் ஆண்டு டிசெம்பரில், அகதா கிறிஸ்ரி தம் செல்வி மார்ப்பிளை ஒரு சிறுகதையிலே அறிமுகம் செய்தார். ஒரு வீட்டிலே அறுவர் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் தாம் அறிந்த மர்மம் ஒன்றைச் சொல்ல, ஏனையோர் விடை காணவேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்கொட்லாந்து யார்டில் பெரும் பதவி வகித்தவர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், மதகுரு ஒருவர், எழுத்தாளர் ஒருவர், ஓவியர் ஒருவர் ஆகியோர் அங்கே இருக்கின்றனர். ஆயினும் விடையைச் சொல்பவர், மூலையில் அமர்ந்து கம்பளிநூல் பின்னிக்கொண்டிருக்கும் முதிய பெண்மணியே ஆவார்.

இங்கே ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். குற்றம் நடந்த இடத்தைச் செல்வி மார்ப்பிள் அக்கதையிலே கண்ணாற் காணவில்லை. அவர் பெற்ற சான்றெல்லாம் செவிவழிச் சான்றே. பிறர் சொல்லக் கேட்டார், சொல்லியதையும் சொல்லாது விட்டதையும் சீர்தூக்கினார், தம் கிராமத்தில் முன்னொரு நாள் நடந்த வேறொன்றை நினைவு கூர்ந்தார், முடிவுக்கு வந்தார். வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் நேயரின் நிலையும் இதுவே அன்றோ? நேயரும் எதனையும் காண்பதில்லை. குரலும் ஒலியும் மௌனமும் மட்டுமே அவர் கைக்குக் கிட்டும் சான்றுகள். ஆகவே, அமர்ந்திருந்து கேட்டே துப்பறிகின்ற முதியவர் வானொலிக்கென்றே பிறந்தவர் போலாயினார்.

வானொலி நாடகம் பிறந்ததும் இருளிலேதான். 1922ஆம் ஆண்டு நவம்பரில் பி.பி.சி. தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலிக்கென்றே எழுதப்பெற்ற முதல் நாடகம் எனக் கருதப்படும் ரிச்சர்ட் ஹியூஸின் 'ஆபத்து' நாடகம், 1924ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி இலண்டனிலிருந்து ஒலிபரப்பாயிற்று. நிலக்கரிச் சுரங்கம் ஒன்றிலே விளக்கு அணைந்து சிலர் அகப்பட்டுக்கொள்கின்றனர் என்பது அதன் பொருள். ஆசிரியரின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். பார்வையாளர் காண முடியாமை ஒரு குறை என்றால், பாத்திரங்களும் காண முடியாத ஓரிடத்திலே கதையை வைத்துவிட்டார். குறையே குணமாயிற்று. மேடையில் இதனை நடித்தால் அரங்கம் முழுவதையும் இருட்டாக்கவேண்டும். வானொலியிலோ இருள் செலவின்றிக் கிடைத்தது.

துப்பறியும் நாடகம் இந்த இருளை விரைவிலே தனதாக்கிக்கொண்டது. 1930ஆம் ஆண்டு இவ்வகையில் மறக்கலாகாத ஆண்டாகும். அவ்வாண்டு யூலையில் சேர்லொக் ஹோம்ஸின் படைப்பாளர் ஆதர் கொனன் டொயில் மறைந்தார். மூன்று மாதங்கள் கழித்து, ஒக்டோபர் 20ஆம் திகதி, அமெரிக்காவிலே ஹோம்ஸ் வானொலியிற் பேசினார். ஈடித் மைசர் என்ற பெண்மணி அந்நாடகத்தை எழுதினார். கோப்பிக் கம்பனி ஒன்று அனுசரணை வழங்கியது. ஹோம்ஸாக நடித்தவர் வில்லியம் ஜில்லெற். 1899ஆம் ஆண்டிலிருந்து மேடையிலே ஹோம்ஸாக நடித்துப் பெயர் பெற்ற அவருக்கு, அந்த இரவிலே வயது 77. மேடையிலே 77 வயதினர் ஒருவர் நடு வயதுத் துப்பறிவாளனாக வந்தால் முகத்துச் சுருக்கங்களை எத்துணைப் பூச்சும் மறைக்க மாட்டாது. ஒலிவாங்கியோ சுருக்கங்களைக் காண்பதில்லை. கரிகாலன் முதியவனாக வேடம் புனைந்தான். ஜில்லெற் வேடமேதுமின்றியே இளையவரானார். தொடர்ந்து வந்த அந்த வரிசையில், வயது முதிர்ந்த டொக்டர் வாட்சன் தம் வீட்டுக் கணப்பின் அருகே அமர்ந்து பழைய நாள்களை அறிவிப்பாளருக்கு நினைவு கூர்ந்து சொல்வதாகவே ஒவ்வொரு கதையும் தொடங்கிற்று. துப்பறியும் நாடகம் ஒரு முதியவரின் ஞாபகமாக வீடுகளினுள் நுழைந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதே 1930ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலும் ஒரு புதுமை நிகழ்ந்தது. அகதா கிறிஸ்ரி, டொறதி சேயர்ஸ் முதலிய எழுத்தாளர் அறுவர் ஒரே மர்மக்கதையை ஆளுக்கொரு பகுதியாக எழுதி, தத்தம் குரலிலேயே பி.பி.சி. வாயிலாக வாசித்தனர். விடையைக் கண்டுபிடிக்குமாறு நேயர்களுக்கே அழைப்பு விடுக்கப்பட்டது. வீட்டிலே அமர்ந்திருந்த பாட்டனாரும் பாட்டியாரும் அன்று ஒரே இரவிலே துப்பறிவாளராயினர். பள்ளிப் பிள்ளைக்கும் அவர்களுக்கும் இடையில் இவ்விடயத்தில் வேற்றுமை கிடையாது. ஓடத் தேவையில்லை, கேட்டால் போதும்.

பின்னர் அமெரிக்காவில் 1937 முதல் 1955 வரை ஒலித்த 'மிஸ்டர் கீன்' என்ற தொடர், காணாமற் போனோரைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒருவரைக் கதாநாயகராக்கியது. அவரைக் கனிந்த மனமுடைய முதியவர் என்றே அறிவிப்பாளர் அறிமுகம் செய்வார். அடிதடிக்கென்று ஓர் உதவியாளர் பக்கத்திலே இருந்தார். கீனுடைய வேலை பேசுவதும் கேட்பதுமே. இதற்கு எதிர்த் திசையில், பி.பி.சி. 1946 முதல் 1951 வரை ஒலிபரப்பிய 'டிக் பார்ட்டன்' என்ற தொடரில் வீர சாகசமே மேலோங்கி நின்றது. இளைஞர் அதனைக் கொண்டாடினர் என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தை அதன் பின்னர் நிரப்பிய தொடர் எது தெரியுமா? 'ஆர்ச்சர் குடும்பத்தினர்' என்ற நாட்டுப்புறக் குடும்பக் கதை. அது இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. சாகசம் ஐந்தாண்டிலே ஓய்ந்தது. குடும்பம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நீடிக்கின்றது. வானொலியின் இயல்பு எதனை நாடுகிறது என்பதற்கு இதுவும் ஓர் அறிகுறியாகும்.

இனி உடன்பிறந்தாரின் விடயத்துக்கு வருவோம். துப்பறிவாளர் ஒருவர் தம் மனத்தினுள்ளே நினைப்பதை நாவலாசிரியர் எழுதிவிடலாம். திரைப்படத்தில் முகபாவம் காட்டிவிடும். வானொலியிலோ நினைப்பும் பேச்சாகவே வரவேண்டும். பேசுவதற்கு ஒரு துணை வேண்டும். டொக்டர் வாட்சன் இந்தத் தேவைக்கென்றே படைக்கப்பட்டவர் போலத் தோன்றுவார். ஆனால் வாட்சன் வெளியார்; எல்லாவற்றையும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். உடன்பிறந்தார் அப்படியல்லர். ஒரே வீட்டிலே பிறந்து, ஒரே அடுப்பிற் சமைத்ததை உண்டு, ஒரே கிணற்றிலே குளித்தவர்கள். ஒருவர் வாக்கியத்தைத் தொடங்கினால் மற்றவர் முடிப்பார். அதைவிடச் சிறப்பு யாதெனில், ஒரே நிகழ்ச்சியை இருவரும் இரு விதமாக நினைவில் வைத்திருப்பார்கள். அண்ணன் ஒன்று சொல்ல, தங்கை குறுக்கிட்டுத் திருத்துவாள். அந்தத் திருத்தத்திலேதான் மறைந்திருந்த உண்மை தலை நீட்டும். முதுமையில் உடன்பிறந்தார் இருவர் பேசிக்கொள்வதே ஒரு விசாரணை என்று கொள்ளலாம்.

கொனன் டொயில் இதனை 1893ஆம் ஆண்டிலேயே உணர்ந்திருந்தார். ஹோம்ஸுக்கு ஏழு வயது மூத்த தமையனாகிய மைக்ரொஃப்ட் அவ்வாண்டுக் கதையொன்றிலே அறிமுகமாகிறார். தம்பியினும் கூரிய அறிவுடையவர். ஆயினும் இருக்கையை விட்டு எழும்பச் சோம்பல் கொள்பவர். சகோதரர் இருவரும் சாளரத்தருகே நின்று, வீதியிற் செல்லும் ஒரு மனிதனைப் பார்த்து, அவன் யார், எத்தொழில் செய்தான், அவன் வீட்டில் என்ன நேர்ந்தது என்றெல்லாம் ஒருவரை ஒருவர் மிஞ்சிச் சொல்லிக்கொண்டு போகும் பகுதி, எழுத்திலிருந்து எடுத்து அப்படியே ஒலிவாங்கியின் முன் வைக்கக்கூடியது.

மறுபுறத்தில், முதிய உடன்பிறந்தாரைச் சந்தேகத்துக்கே அப்பாற்பட்டவர்களாகச் சமூகம் கருதுவதை நையாண்டி செய்த நாடகமும் உண்டு. 1941ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே மேடையேறிய ஜோசப் கெசல்ரிங்கின் நாடகத்தில், அன்பே உருவான முதிய சகோதரிகள் இருவர், தனிமையில் வாடும் கிழவர்களுக்கு நஞ்சு கலந்த பழரசம் கொடுத்து அவர்களுக்கு 'விடுதலை' அளித்து வருகின்றனர். பொலிசார் அவ்வீட்டுக்கு நாள்தோறும் நண்பர்களாக வந்து போகின்றனர், ஒருவரும் ஐயுறுவதில்லை. திரைப்படமாகவும் வானொலி நாடகமாகவும் பின்னர் இது உலா வந்தது. நகைச்சுவைக்கு அடியிலே இருக்கும் குத்தல் நம் சிந்தனைக்குரியது. முதியவர்களை நாம் மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவர்களை உற்றுக் கவனியாது விடுகிறோம். அவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்பதை எவரும் கேட்பதில்லை.

இவ்வரிசையிலே முதன்மை பெற வேண்டியது 1947ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி பி.பி.சி. ஒலிபரப்பிய 'மூன்று குருட்டு எலிகள்' என்ற அரைமணி நேர நாடகமாகும். பிரித்தானியாவின் முதிய அரசி மேரிக்கு அவ்வாண்டு 80 வயது நிறைந்தது. பிறந்தநாளுக்கு எந்த நிகழ்ச்சியைக் கேட்க விரும்புகிறீர்கள் என்று வினவியபோது, இசையையோ பெரும் நாடகாசிரியரின் காவிய நாடகத்தையோ அவர் கேட்கவில்லை. அகதா கிறிஸ்ரியின் நாடகமொன்றையே விரும்பினார். 1945ஆம் ஆண்டிலே இங்கிலாந்தை உலுக்கிய ஓர் உண்மைச் சம்பவம், வளர்ப்பு வீட்டிலே கொடுமைக்கு ஆளாகி ஒரு சிறுவன் இறந்த துயரம், கிறிஸ்ரியின் கருவுக்கு வித்தாயிற்று. உடன்பிறந்த பிள்ளைகள் மூவருக்கு நேர்ந்த அநீதியே அந்நாடகத்தின் அடித்தளம். முதியவர் ஒருவர் விரும்பிக் கேட்க, உடன்பிறந்தாரின் துயர் பற்றிய துப்பறியும் நாடகம் வானொலியிலே பிறந்தது. அதுவே விரிவடைந்து, 'எலிப்பொறி' என்ற பெயருடன் 1952ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி இலண்டன் மேடையை அடைந்தது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காரணமாக நிறுத்தப்படும் வரை இடையறாது நடந்தது. 2021இல் மீண்டும் திரை விலகியது.

ஆனால் ஒன்று. மேடை நாடகம் பல்லாயிரம் முறை நடிக்கப்பட்டிருக்க, 1947ஆம் ஆண்டின் அந்த அரைமணி நேர ஒலிபரப்பின் பதிவு இன்று இல்லை. குரல்கள் காற்றிலே பிறந்து காற்றிலே கரைந்தன. இந்தச் செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்கே திரும்ப வேண்டியிருக்கும்.

தமிழிலே துப்பறியும் எழுத்துக்குப் பஞ்சமிருந்ததில்லை. பண்டித நடேச சாஸ்திரியார் 1894ஆம் ஆண்டிலேயே தானவன் என்ற பொலிஸ் நிபுணனைப் படைத்தார். பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் வீடுதோறும் வாசிக்கப்பட்டனர். 1940களில் ஆனந்த விகடனிலே தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு', வேலையிழந்த ஓர் அசட்டுக் குமாஸ்தா தற்செயலாகவே குற்றவாளிகளைப் பிடிக்கும் வேடிக்கையைக் காட்டிற்று.

தமிழ்த் துப்பறியும் நாடகத்துக்கும் வானொலிக்கும் இடையே நடந்த ஒரு சுவையான நிகழ்ச்சியையும் இங்கே குறிப்பிடல் தகும். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர், ஜப்பானியப் படமாகிய 'ரஷோமொன்' கண்டு, ஒரே கொலையைப் பலர் பலவாறு சொல்லும் முறையில் ஒரு நாடகம் எழுதி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்தார். அது ஏற்கப்படவில்லை. அதன் பின்னரே ஏ. வி. மெய்யப்பரின் தயாரிப்பில் அது திரைப்படமாயிற்று. 1954ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிவந்த 'அந்த நாள்' என்ற அப்படத்தில் பாட்டுமில்லை, நடனமுமில்லை. கொலையுண்டவன் வானொலிப் பொறியியலாளன் ஒருவன். காலம், 1943ஆம் ஆண்டு ஒக்டோபரில் சென்னைமீது ஜப்பானியக் குண்டு விழுந்த நாள். துப்பாக்கி வெடித்த ஓசை கேட்டுப் பொலிசாருக்கு அறிவிப்பவர் அயல் வீட்டுக்காரர். அவர் காதாற் கேட்ட சாட்சி. பின்னர் கொலையுண்டவனின் மனைவி, தம்பி, தம்பியின் மனைவி என ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கின்றனர். பாட்டை நீக்கிவிட்டுப் பேச்சையே நம்பி நின்ற அப்படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பெரும்பகுதி விளங்கும். வானொலிக்கென்று பிறந்த நாடகம் தன் பிறப்பை மறைக்கவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1923ஆம் ஆண்டிலே தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய கொழும்பு ஒலிபரப்பு, 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட்டினால் முறையாகத் தொடக்கிவைக்கப்பட்டது. பி.பி.சி. பிறந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த வேளை அது. 1949இல் ஒலிபரப்புத் தனித் திணைக்களமாயிற்று; 1950ஆம் ஆண்டு செப்டெம்பரில் வர்த்தக சேவை தொடங்கியது; 1967ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் திகதி கூட்டுத்தாபனமாயிற்று. இடையிலே, சோ. சிவபாதசுந்தரம் போன்ற அறிஞர்கள் ஒலிபரப்பை ஒரு கலையாகவே பயின்று எழுதினர். பி.பி.சி. தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டிய அப்பெரியார், 1954இல் வெளியிட்ட 'ஒலிபரப்புக் கலை' என்ற நூல் இத்துறையிலே தமிழுக்குக் கிடைத்த முன்னோடி நூலாகும்.

இலங்கைத் தமிழ் வானொலியிலே துப்பறியும் நாடகத்தினும் ஆழமாக வேரூன்றியது குடும்ப நாடகமே. நாடகத் தயாரிப்பாளராக விளங்கிய சானா என்ற சண்முகநாதனின் காலத்திலே, பேச்சுத்தமிழ் தயக்கமின்றி ஒலிவாங்கியின் முன் வந்து நின்றது. இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' அவற்றுள் முதன்மையானது. இத்தலைப்பை ஒரு துப்பறிவாளர் கேட்டால் உடனே நிமிர்ந்து அமர்வார். ஏனெனில், விதானையார் என்பவர் வெறும் ஊர்ப்பெரியவர் அல்லர். 1963ஆம் ஆண்டிலே அப்பதவி நீக்கப்பட்டுக் கிராமசேவையாளர் முறை வரும் வரை, களவு, அடிபிடி, எல்லைச் சண்டை எதுவாயினும் முதல் முறைப்பாடு அவர் வாசலுக்கே சென்றது. ஊரிலே எவன் எவனோடு பகை, எவன் வீட்டு வேலி எந்த இரவிலே நகர்ந்தது என்பதையெல்லாம் அவர் அறிவார். இலங்கையர்கோனோ காரியாதிகாரியாகக் கடமையாற்றியவர். விதானைமாரை மேற்பார்வை செய்வது அப்பதவிக்குரிய கடமைகளுள் ஒன்று. ஆகவே, நம்மவர்க்குத் துப்பறிவாளர் வெளியிலிருந்து இறக்குமதியாக வேண்டியிருக்கவில்லை. அவர் திண்ணையிலே வெற்றிலைத் தட்டத்தோடு முன்னரே அமர்ந்திருந்தார்.

கொழும்பு நேயருக்கு இந்நாடகங்கள் மற்றொரு பயிற்சியையும் அளித்தன. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், மலைநாடு என்று பல திசைகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடுத்தடுத்த வீடுகளிலே வாழ்ந்தனர். சுவரின் மறுபக்கத்துக் குரலைக் கேட்டே ஆள் எந்த ஊர் என்று நம் மூதாட்டிமார் சொல்லிவிடுவார்கள். 'என்னவாம்' என்பதை எப்படி இழுத்துச் சொன்னார், முறைப்பெயரை எப்படி விளித்தார் என்பதே அவர்களுக்குத் துப்பு. பிறருக்கு ஒரே தமிழாகக் கேட்பதில் அவர்கள் பத்துத் தமிழைக் கேட்டனர். செல்வி மார்ப்பிளின் வித்தை இதுவேயன்றி வேறென்ன?

மாணவர்க்கு நாடகம் கற்பிக்கும்போது, சில வேளைகளில் வகுப்பின் பாதிப் பேரைத் திரைக்குப் பின்னே நிறுத்தி வாசிக்கச் செய்வதுண்டு. முன்னே இருப்போர் குரலை மட்டும் கேட்டு, பேசும் பாத்திரத்தின் வயது, மனநிலை, உண்மை சொல்கிறதா பொய் சொல்கிறதா என்று எழுதவேண்டும். காட்சிகளிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் நாள் இது கடினமாகவே இருக்கிறது. வீட்டிலே பாட்டியோடு வாழும் பிள்ளைகள் மட்டும் பெரும்பாலும் முந்திக்கொள்கிறார்கள். அவர்கள் செவிக்கு யாரோ பயிற்சி அளித்திருக்கிறார்கள்.

இப்போது, முன்னர் மனத்திலே இருத்துமாறு வேண்டிய செய்திக்குத் திரும்புவோம். 'மூன்று குருட்டு எலிகள்' காற்றோடு கரைந்தது போலவே, அந்நாளைய வானொலி நாடகங்களிலே மிகப் பல கரைந்தன. நேரடியாக நடித்து ஒலிபரப்பியபோது, பதிவு செய்யாத குரலைச் சேமிக்க வேறு வழியே இருக்கவில்லை. அச்சிலே வந்த நாடகப் பிரதி எஞ்சலாம். ஆனால் எந்தச் சொல்லில் நடிகர் தயங்கினார், எந்த இடத்திலே கதவு கிரீச்சிட்டது, எந்த மௌனத்தில் வீடே மூச்சடக்கியது என்பதைப் பிரதி சொல்லாது. அதனை அறிந்தவர்கள் அன்று கேட்டிருந்தவர்களே. சாட்சிகள் அவர்கள். அவர்களுக்கு இன்று எண்பதும் தொண்ணூறும் ஆகின்றன.

அந்தச் சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள்? 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்துக்குப் பின்னரும், தொடர்ந்து வந்த போர்க்காலத்திலும், நம் குடும்பங்கள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் சிதறின. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ, வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் முதிய உடன்பிறந்தார் ஒருவருக்கொருவர் துணையாக வாழும் வீடுகள் இன்று அரியன அல்ல. மணம் முடியாத அக்கையும், மனைவியை இழந்த தம்பியும். கணவரை இழந்த சகோதரிகள் இருவர். மாலையிலே தொலைபேசி ஒலிக்கும். பிள்ளைகள் மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் கேட்பார்கள். அன்புடைய கேள்விகளே. ஆனால் அவர்களுடைய ஞாபகத்தைப் பற்றி யாரேனும் கேட்கிறார்களா?

துப்பறியும் நாடகம் நமக்குக் கற்பித்த முறை இங்கே கைகொடுக்கும். மரியாதை ராமன் கதைகளைக் கேட்டு வளர்ந்த எவரும் அறிவர், சாட்சிகளை முதலில் தனித்தனியே கேட்கவேண்டும் என்று. அக்கையிடம் ஒரு நாள் கேளுங்கள். தம்பியிடம் மற்றொரு நாள் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு முதல் வானொலிப் பெட்டி எப்போது வந்தது? அது எந்த அறையில் இருந்தது? நாடக நேரத்தில் யார் யார் வந்து கூடினர்? எந்தக் குரலைக் கேட்டால் அடுப்பங்கரையிலிருந்து அம்மா ஓடி வருவார்? இவை சிறிய கேள்விகள். பெரிய கேள்வி கேட்டால் பொதுவான விடையே கிட்டும். சிறிய கேள்வியே பூட்டைத் திறக்கும். பின்னர் இருவரையும் ஒன்றாக இருத்திக் கேளுங்கள். சொன்னவை முரண்படும். முரண்படும் இடத்திலே சலிப்படைந்து எழுந்துவிடலாகாது. யார் சொன்னது சரி என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு வழங்கவும் வேண்டாம். அந்த இடத்திலே அவர்கள் வாதாடட்டும். நாற்பது ஆண்டுகளாக எவரும் கேளாத ஒரு பெயர், ஒரு பாட்டு, ஒரு வீட்டின் முற்றம், அந்த வாதத்தின் நடுவே தானாக வெளிவரும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. முன்னொரு காலத்தில் ஒரு நிலையமே பெரும்பாடுபட்டுச் செய்த ஒலிப்பதிவை இன்று நம் கையிலுள்ள தொலைபேசி செய்கிறது. பதிந்ததற்குத் திகதியிடுங்கள், பேசியவரின் சம்மதத்தோடு பேணுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். உயர்தர வகுப்பு மாணவர்கள் இதனை ஒரு செயற்றிட்டமாகவே மேற்கொள்ளலாம். வரலாறு அரசர்களிடமிருந்தும் ஆவணக் காப்பகங்களிலிருந்தும் மட்டும் வருவதன்று என்பதை அவர்கள் பாடநூலின் துணையின்றியே விளங்கிக்கொள்வர்.

முதிய துப்பறிவாளரை வானொலி ஏன் விரும்பிற்று என்று தொடக்கத்தில் வினவினோம். கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள், அதனால் விரும்பிற்று. உடன்பிறந்தாரை ஏன் இணைத்தது? ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைத்திருப்பர், அதனால் இணைத்தது. இத்தனை காலமும் அவர்கள் கேட்டார்கள். வானொலியைக் கேட்டார்கள், அயலைக் கேட்டார்கள், நம் அழுகையையும் சிரிப்பையும் கேட்டார்கள். இனிக் கேட்கவேண்டிய முறை நம்முடையது. இன்று மாலை பேசும்போது, மருந்தைப் பற்றி விசாரித்து முடிந்த பின்னர், இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். விடை வரச் சற்றுத் தாமதமாகலாம். தொடர்பு அறுந்துவிட்டதென்று எண்ணி வைத்துவிடாதீர்கள். அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.